மற்ற வரிசை

தம்பி,

நீ அனுப்பிய குரல் பதிவை இதுவரை பத்தொன்பது தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. கூடவே அனுப்பிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறாய், எங்கே குரலைத் தாழ்த்துகிறாய் என்று பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். 'இந்த இடத்தில் சிரிப்பு வரும், மூன்று வரை எண்ணிவிட்டுத் தொடருங்கள்' என்று இரண்டு இடங்களில் குறிப்பு வைத்திருக்கிறாய். கலியாண வரவேற்பில் மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்பது உங்கள் ஒழுங்கு. அந்த இரண்டு வார்த்தையையும் நீயே எழுதி, நீயே பேசிப் பதிந்து, அதைக் கேட்டு நான் பழகவேண்டும் என்று அனுப்பியிருக்கிறாய். ஏலாவிட்டால் உன் சிநேகிதன் ஒருவன் எனக்குப் பதிலாக வாசிப்பான், அதில் ஒரு குறையும் இல்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். இதற்காக உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஒரு குரலை நிறுத்தி நிறுத்திக் கேட்டு அதே மாதிரிப் பேசிப் பழகும் முறையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்றைச் சொல்ல அதற்கு முந்திய மூன்றைச் சொல்லித்தான் வருவேன். அதற்குள் நீ 'அப்பா, விஷயத்துக்கு வாங்கோ' என்பாய். அப்படிச் சொன்னதும் எனக்கு விஷயமே மறந்துபோகும். ஆகவே எழுதுகிறேன், அதையும் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்க வராது. நாங்கள் இருக்கிற எட்மண்டனில் உன் வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனபோது உன்னை மட்டும் வீட்டில் மறித்து வைத்தேன். ஏன் என்று பின்னால் வருகிறது. நித்யாவுக்கு அவளுடைய தாய் வீட்டிலேயே வைத்துத் தமிழ் எழுத்துப் படிப்பித்திருக்கிறாள். ஆகவே நீ கட்டப்போகிற பெண் இதை வாசிக்க, நீ பக்கத்தில் இருந்து கேட்கவேண்டி வரும். இதில் ஒரு சிறு வஞ்சகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாதவன் அவளுடைய வாயால் சொல்லுகிறேன். பிள்ளை நித்யா, உனக்குச் சங்கடமாக இருந்தாலும் எந்த வரியையும் தாண்டிப் போகாமல் வாசி.

அந்தத் தாளில் உன் அம்மாவைப் பற்றி இரண்டு வாக்கியம் இருக்கிறது. தோட்டத்தையும் குடும்பத்தையும் ஒரே பொறுமையோடு வளர்த்தவர் என் மனைவி. இரண்டில் எதற்கு அதிகம் தண்ணீர் தேவைப்பட்டது என்று அவரைத்தான் கேட்கவேண்டும். முதலாவது சிரிப்பு வருகிற இடம் அதுதான். நான் மூன்று வரை எண்ணிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் அம்மாவுக்குத் தோட்டம் இல்லை. இருபத்தெட்டு வருடமாக இரண்டாம் மாடியில், நகரசபை வாடகைக்குத் தரும் ஒரு கவுன்சில் வீட்டில் இருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும், நீ அங்கேதான் வளர்ந்தாய்.

இந்தத் தோட்டம் எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு வைகாசியில்தான் தெரிந்தது. விம்பிள்டனில் நித்யாவின் வீட்டுக்கு நாங்கள் முதல் தடவை வந்த நாள். அவளுடைய தாய் நல்ல மனுஷி, பலகாரத்தட்டை நீட்டியபடி சும்மா பேச்சுக்குத்தான் கேட்டா: "நீங்க இங்க வந்தப்புறம் வேலைக்கு எதுவும் போனீங்களா?" உன் அம்மா வாயைத் திறக்கமுன் நீ முந்திக்கொண்டாய். "அம்மா வீட்டிலதான் இருந்தாங்க, ஆன்ட்டி" என்றாய். இருந்தவ என்று சொல்லவில்லை, இருந்தாங்க என்று அவர்களுடைய சென்னைத் தமிழில் சொன்னாய். அந்தத் தமிழை நீ எப்போது பழகினாய் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நித்யாவின் தகப்பன், டாக்டர், எழுந்துவிட்டார். "அம்மாவுக்குத் தோட்டம்னா உயிராமே? உங்க பையன் சொன்னார். எங்க ரோஜாவைக் கொஞ்சம் வந்து பாருங்களேன். இலையெல்லாம் கறுப்புக் கறுப்பாப் புள்ளி விழுது."

உன் அம்மா என்னைப் பார்த்தா. நான் கம்பளத்தைப் பார்த்தேன். நீ தொலைபேசியைப் பார்த்தாய். "ஓம், ஓம், பாப்பமே" என்று சொல்லிக்கொண்டு அவ டாக்டருக்குப் பின்னால் போனா. கண்ணாடிக் கதவுக்கு இங்கே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இலையைக் கிள்ளி, வெளிச்சத்துக்குப் பிடித்து, மறுபக்கம் திருப்பி, வைத்தியர் நாடி பார்க்கிறமாதிரிப் பார்த்தா. "இந்த இலையளை எல்லாம் பொறுக்கி எறிஞ்சுபோட்டுக் கொஞ்சம் சாம்பல் தூவி விடுங்கோ." "சாம்பலா? என்ன சாம்பல்?" "எந்தச் சாம்பல் எண்டாலும் பரவாயில்லை." முப்பது வருடம் இதய நோயாளிகளைப் பார்த்த மனிதர் அதைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரயிலில் உன் அம்மா என் முழங்கையில் இடித்தா. "இஞ்சேருங்கோ, நான் எப்ப தொடக்கம் தோட்டக்காரி?"

"அவன் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பான்."

"எங்கட வீட்டில கறிவேப்பிலைச் சாடி ஒண்டு. அதுவும் போன பனியோட செத்துப்போச்சு. அந்த மனிசன் ரோசாவுக்குச் சாம்பலைக் கொட்டி, அதுவும் சாகப்போகுது. பிறகு சம்பந்தி எண்டு என்னைக் கூப்பிடுவாரோ தெரியாது." ஏர்ல்ஸ் கோர்ட் நிலையம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தா. நானும் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு எப்போதும் பிந்தித்தான் வரும். எவ்வளவு பிந்தி வரும் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நீ பிறந்த வருடம் என் அகதி வழக்கு விஷயமாகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. நான் ஊரில் கணிதப் பட்டதாரி, ஆங்கில இலக்கணத்தில் பரிசு வாங்கினவன். அந்த அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார். நான் சொன்ன ஒரே வாக்கியத்தை மூன்று தடவை திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. இலக்கணத்தில் பிழை இல்லை, பயத்தில் குரல்தான் எழும்பவில்லை. பக்கத்து மேசையில் யாரோ ஒருவருக்காக வந்திருந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு, பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மீதியைக் கையால் காட்டினார். அவருக்கு எல்லாம் ஒரே தடவையில் விளங்கியது. இந்த நாட்டில் என்ன சொல்கிறாய் என்பதல்ல, எந்தக் குரலில் சொல்கிறாய் என்பதுதான் கணக்கு என்று ரயிலில் வரும்போது முடிவெடுத்தேன். அது முழுப் பொய்யான முடிவு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அதை ஒரு பிழை என்று ஒப்புக்கொள்வது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

உனக்கு ஏழு வயதானபோது பழைய சாமான் சந்தையில் ஒரு வீடியோ கசெட் வாங்கினேன். கறுப்பு வெள்ளைப் படம். காசெல்லாம் கரைந்துபோன ஒரு பிரபு, ஐம்பது அறை உள்ள வீட்டில், மழை ஒழுகும் இடமெல்லாம் வெள்ளிக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு, தங்கையின் மகனான ஒரு அசட்டுப் பையனுக்குப் பெரிய மனிதனாக நடப்பது எப்படி என்று படிப்பிக்கிறார். உனக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். சனிக்கிழமை, மற்றப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், பத்து மணி தொடக்கம் பதினொரு மணிவரை. நான் ஒரு கொப்பியில் வீடியோ இயந்திரம் ஓட ஓடக் காட்டும் எண்களைக் குறித்து வைத்திருந்தேன்: எந்த எண்ணில் பிரபு வணக்கம் சொல்கிறார், எந்த எண்ணில் மன்னிப்புக் கேட்காமல் மன்னிப்புக் கேட்கிறார் என்று. ஒரு வாக்கியத்தை ஓடவிடுவேன், நிறுத்துவேன், நீ சொல்லுவாய், திருப்பி ஓடவிடுவேன். சாரதியும் தோட்டக்காரனும் பேசுகிற இடங்களை விரைவாக ஓட்டிவிடுவேன், உன் காதில் விழக்கூடாது என்று. வீடு ஒழுகுவதை நானும் பார்த்தேன். பழைய வீடு, ஒழுகத்தானே செய்யும் என்று நினைத்தேன். படத்தில் யாரும் சிரிக்கவில்லை, பிரபுவும் சிரிக்கவில்லை. அது சிரிக்கவைக்க எடுத்த ஒரு பகிடிப் படம் என்பது, தம்பி, எனக்குத் தெரியாது.

அதில் ஓரிடத்தில் அந்தப் பிரபு பையனைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி, உணவு பரிமாற வரும்போது பாத்திரத்தைப் பார்க்கவேண்டும், பாத்திரத்தைப் பிடித்திருக்கிறவரைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பார். இன்னோரிடத்தில் அவர் மழையில் தெருவில் அகப்பட்டு நிற்க, ஒரு கிழவி குடை கொண்டுவந்து அவரை அவருடைய வீட்டு வாசல் வரை கூட்டிப்போவாள். பிரபு நன்றி சொல்லி, அவள் எந்த ஊர், இங்கே வந்து எவ்வளவு காலம் என்று விசாரிப்பார். முப்பது வருடம் என்பாள். நல்ல ஊர், உனக்குச் சௌகரியமாக இருக்கும் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அவள் முப்பது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவள். இது எனக்கும் விளங்கியது. விளங்கியும், பெரிய இடங்களில் வேலைக்காரரைத் தெரிந்தவராக வெளியில் காட்டிக்கொள்வதில்லை, இது இந்த நாட்டு நாகரிகம் என்று கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டேன். நான் இதில் சிரிக்காததற்குக் காரணம் ஆங்கிலம் விளங்காதது அல்ல. யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பது என்று பார்த்துப் பழகிய வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தக் காட்சியில் எனக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை.

நித்யா, இனி வருவது உனக்கு யாரும் சொல்லியிராதது. இவனுடைய அம்மா வேலைக்குப் போனா. ஒரு நல்ல பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், தலையில் வலைத் தொப்பி போட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. நாலு வருடம் கழித்து அதே பள்ளிக்கூடத்துக்கு இவன் சோதனை எழுதி எடுபட்டான். அந்த இடத்தில் வேறு எந்தத் தகப்பனும் சந்தோஷப்பட்டிருப்பான். நானும் ஒரு பின்னேரம் சந்தோஷப்பட்டேன். பிறகு யோசிக்கத் தொடங்கினேன்.

தம்பி, பள்ளிக்கூடம் தொடங்குகிறதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் மேசையில் இருத்தினது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினொரு வயது. புது மேலங்கியைக் கழற்ற மனமில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தாய். நான் ஒரு தாளில் விஷயங்களை எழுதி வைத்திருந்தேன். பஸ் நேரம், வீட்டுப்பாடம், அதற்குப் பிறகு இது. சாப்பாட்டுக் கூடத்தில் இவனை உமக்குத் தெரிந்தமாதிரிக் காட்டவேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

"என்ர பிள்ளையை நான் பாக்கக் கூடாதோ?" என்று கேட்டா.

"பாக்கலாம். தெரிஞ்சமாதிரிப் பாக்க வேண்டாம் எண்டுதான் சொல்லுறன். மற்றப் பெடியள் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளையள். நாளைக்கு இவன்தான் அவங்களோட நிக்கவேணும், நீரும் நானும் இல்லை."

"அவன் அம்மா எண்டு கூப்பிட்டா?"

"கூப்பிடமாட்டான்." நான் உன்னைப் பார்த்தேன். நீ "ஓகே, அப்பா" என்றாய். அவ்வளவுதான். அந்தத் தாளில் அடுத்ததாகக் காலணிக்கு மை பூசுவதைப் பற்றி இருந்தது, அதற்குப் போனோம். உன் அம்மா எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டா. சத்தம் போட்டிருந்தால் நான் பயந்து விட்டுக்கொடுத்திருப்பேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். அவ சத்தம் போடவில்லை. என்னைப் படித்த மனிதன் என்று நம்பினா.

உனக்குப் பன்னிரண்டு வயதில், அந்தக் கூடத்தில் ஈரத்தில் வழுக்கி விழுந்து தட்டு உடைந்து வாய்க்குக் கீழே நாடியில் வெட்டுப்பட்டதே, மூன்று தையல். அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரியாத ஒரு பாதி இருக்கிறது. நீ விழுந்த சத்தத்துக்கு உன் அம்மா துணியை எடுத்துக்கொண்டு பரிமாறும் மேடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டா. உன்னிடம் வர ஆறேழு அடி இருக்கும். அங்கே நின்றுவிட்டா. கூட வேலை செய்த இன்னொரு பெண் ஓடிவந்து உன்னைத் தூக்கினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, மேல்சட்டையைக் கழற்றாமலே என் முன்னால் நின்று சொன்னா: "நீங்கள் சொன்னபடி நிண்டனான்." நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லது" என்றேன். அந்தச் சொல்லை நான் பிறகு எத்தனையோ முறை வேறு சொல்லாக மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது மாறுவதாக இல்லை.

போன மாதம்வரை இதையெல்லாம் நான் ஒரு விலை என்றுதான் வைத்திருந்தேன். பிள்ளை முன்னேறினான், அதற்குக் கொடுத்த விலை. வழக்கறிஞனான உன் குரல் நீதிமன்றத்தில் நிற்கிறது. நீ பாதி வாக்கியத்தைச் சொல்லி மீதியைக் கையால் காட்டுகிறாய் என்று உன் சிநேகிதர்கள் சொல்லக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். பிறகு ஒரு புதன்கிழமை, கீழ்வீட்டு பிரெட் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். உனக்குத் தெரியும், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், மனைவி இல்லை. வயது போனவர்களுக்கு மண்டபத்தில் பின்னேரம் இலவசமாகப் படம் போடுகிறார்கள், தேநீரும் தருவார்கள் என்றான். உள்ளே போய் இருந்தபிறகுதான் என்ன படம் என்று கண்டேன். அந்தப் படம்தான். மனத்துக்குள் எண்களைக்கூட என்னால் சொல்ல முடிந்தது.

தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மண்டபம் சிரிக்கத் தொடங்கியது. அறுபது எழுபது பேர் இருக்கும். கைத்தடியால் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் உனக்கு இருபது தடவை சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும். பாத்திரத்தைப் பார், ஆளைப் பார்க்காதே என்ற இடத்தில் முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. குடைக் கிழவியை அந்த மனிதர் எந்த ஊர் என்று கேட்டபோது பிரெட் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். "உனக்குச் சிரிப்பு வரவில்லையா?" என்றான். எனக்கு இது மனப்பாடம் என்றேன். "என் அம்மா பெரிய வீடொன்றில் வேலை செய்தவள். இந்த இடம் வந்ததும் சிரிப்பு அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விடுவாள். அந்தக் கிழட்டு முட்டாள்களை இப்படி யாராவது உரிக்கவேண்டும் என்று அவள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாள்" என்றான். அவனுடைய தாயைப் போன்றவர்கள் சிரித்து ஆறுவதற்காக எடுத்த படத்தை நான் வாழ்க்கைக்கு வழிகாட்டி என்று வாங்கி வந்தேன். முட்டாளைக் காட்டி இவனைப்போல இராதே என்று இந்த நாடே சொன்னதை, இவனைப்போல இரு என்று என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன். பிரெட் பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, "உனக்குச் சுகமில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அது பகிடி என்று நீ எப்போது கண்டுபிடித்தாய்? பதின்மூன்று வயதில் சனிக்கிழமைப் பாடம் வேண்டாம், வீட்டுப்பாடம் அதிகம் என்று சொன்னாய். அப்போதே தெரிந்துவிட்டதா? பள்ளிக்கூடத்தில் யாராவது அந்தப் படத்தைப் பற்றிச் சிரித்துப் பேசக் கேட்டிருப்பாய். வீட்டுக்கு வந்து என் கொப்பியையும் அடிக்கோடுகளையும் பார்த்திருப்பாய். தகப்பன் எவ்வளவு பெரிய மடையன் என்று அன்று பின்னேரம் உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? என் மனம் நோகும் என்றா? அப்படியானால் நீ நல்ல பிள்ளை. அல்லது, படம் பகிடியானாலும் அந்தச் சட்டம் உனக்கு வசதியாக இருந்தது என்றா? எனக்குத் தெரியாது. ஆனாலும் இதை எழுதுகிறேன்: சட்டம் போட்டவன் நான், அதை நான் ஒருபோதும் திரும்ப எடுக்கவில்லை, ஆனால் பதினெட்டு வயதுவரை அதைக் காத்தவன் நீ. இப்போது முப்பத்திநாலு வயதில், விம்பிள்டன் வீட்டு வரவேற்பறையில், யாரும் கேட்காமலே அதைப் புதுப்பித்தவனும் நீ. அம்மாவைத் தோட்டக்காரி ஆக்கும்படி நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது உன் சொந்தக் கெட்டித்தனம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். இவ்வளவு காலத்தில் முதல் தடவை. அவ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. அந்தக் கூடத்தில் தம்பி உம்மிடம் சாப்பாடு வாங்கும்போது என்ன செய்வான், நிமிர்ந்து பார்ப்பானா என்று கேட்டேன்.

"என்னட்டை எங்க வாங்கினவன்?" என்றா. "அங்க ரெண்டு வரிசை. ஒண்டில நான், மற்றதில அந்த அயர்லாந்து மனிசி. அவன் மற்ற வரிசையிலதான் நிப்பான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். அது நீளமான வரிசை. அவள் ஆறுதலா, மெள்ள மெள்ளத்தான் போடுவாள். பிள்ளை மேசைக்குப் போகச் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்." கத்தியால் தோலை ஒதுக்கினா. "நான் அவளுக்குச் சொல்லி வைச்சனான், அந்தப் பெடியனுக்கு மீன் பிடிக்காது, உருளைக்கிழங்கைக் கூடப் போடு எண்டு. ஏன் எண்டு அவள் கேக்கேல்லை. அவளுக்குத் தெரியும்."

ஏழு வருடம். பள்ளிக்கூடத்தில் உனக்கு ஏன் எப்போதும் உருளைக்கிழங்கு அதிகம் கிடைத்தது என்று நீ யோசித்திருக்கமாட்டாய். யோசிக்க உனக்கு என்ன காரணம்? நானே யோசிக்கவில்லை. நீ தூரத்தில் நின்றுகொண்டாய் என்று உன் அம்மா உன்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை, சாப்பாடு ஆறிப்போனதைத்தான் சொன்னா. அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே உன் தாளில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். தோட்டத்தைப் பற்றிய இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன், என் ஆங்கிலத்தில். நித்யா வாசிக்கத் தமிழில் தருகிறேன். என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினொரு வருடம் வேலை செய்தார். அதில் ஏழு வருடம் எங்கள் மகனும் அங்கே படித்தான். அங்கே அவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சொன்னவன் நான், அதற்காக இந்தச் சபையில் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இவ்வளவுதான். உன்மேல் ஒரு பழியும் வராது. டாக்டரும் அவருடைய மனைவியும் என்னைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறபடி பார்க்கட்டும். இந்த மூன்று வாக்கியத்தோடு என்றால் எழுந்து பேசுவேன். அவை வேண்டாம் என்றால் நான் பேசவில்லை, உன் சிநேகிதனும் என் பெயரில் எதையும் வாசிக்கக்கூடாது. நான் உனக்கு ஒன்றை மறுத்துச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முறையாகச் சொல்லத் தெரியவில்லை என்றால் மன்னித்துக்கொள். சரி, இல்லை என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பு. நித்யாவிடம் கேட்டுவிட்டு அனுப்பினால் நல்லது. அவள் கட்டப்போவது எந்த வீட்டுப் பிள்ளையை என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

இதை எழுதி முடிக்கமுன் அந்த மூன்று வாக்கியத்தையும் உரத்துச் சொல்லிப் பார்த்தேன். உன் குரல் பதிவில் இவை இல்லை, பின்பற்ற எதுவும் இல்லை. இரண்டு தடவை மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் முறை தொடங்கும்போது உன் அம்மா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றா. "ஆரோட இங்கிலிஷ் கதைக்கிறியள்?" என்றா. ஒருவரோடும் இல்லை என்று தாளை மறைக்கப்போனேன். "வாசிச்சு முடியுங்கோ" என்றா. வாசித்தேன். என் ஆங்கிலம் அவவுக்கு விளங்காது என்று நான் நம்பியிருந்தேன். இவ்வளவு வருடம் அதையும் நம்பியிருந்தேன். முடித்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டா. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"பதினொண்டு இல்லை, பன்ரெண்டு" என்றா. "தம்பி யூனிவர்சிற்றிக்குப் போனாப்பிறகும் ஒரு வருசம் அங்க நிண்டனான். அந்த வருசம்தான் திரும்பவும் பிள்ளையளின்ர முகத்தைப் பாத்துச் சாப்பாடு போடத் துவங்கினனான்."

தாளில் பன்னிரண்டு என்று திருத்திவிட்டேன்.

உன் அப்பா